பள்ளி விட்ட பிறகு குழந்தை யார் பொறுப்பு?

உத்தியோகம் பார்க்கும் தாய்தந்தையரின் கவலைகளுள், வெளியில் சொல்லப்படாமல் நெஞ்சுக்குள்ளேயே நாள்தோறும் எழுந்து நாள்தோறும் அடங்கும் கவலை ஒன்று உண்டு. பிற்பகல் நான்கு மணியை ஒட்டிப் பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடித்ததும், ஆறு வயதோ ஏழு வயதோ ஆன தம் குழந்தை யார் கையைப் பிடித்துக்கொண்டு போகிறது, வீட்டு வாசலை எட்டியபின் அதற்குக் கதவைத் திறப்பவர் யார், பசிக்கிறது என்று அது சொன்னால் காதில் வாங்குபவர் யார் என்னும் கவலையே அது. அலுவலகக் கோப்பிலும், அரிசி ஆலையின் களத்திலும், ஜவுளிக்கடையின் மேடையிலும் கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, மனம் மட்டும் அந்த வேளைக்குப் பள்ளி வாசலில் போய் நின்றுகொள்கிறது.

இதனை அந்தந்தக் குடும்பத்தின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும், ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே வேளையில் ஒரே கவலை எழுமானால், அது தனித்தனி வீடுகளின் குறையாக இருக்க நியாயமில்லை; ஊருக்குப் பொதுவான ஒரு வசதி இல்லாமற் போனதன் குறையாகவே இருக்க வேண்டும். தண்ணீர் வராத தெருவில் ஆளுக்கொரு கிணறு வெட்டிக்கொள்ளட்டும் என்று எந்த ஊராட்சியும் கைவிரிப்பதில்லை. குழந்தையின் சாயங்காலத்தை மட்டும் அவரவர் கிணறாக விட்டுவைத்திருக்கிறோம்.

கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொண்டு இதனை யோசித்துப் பார்ப்பது பொருத்தம் என்று எண்ணுகிறேன். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் கைமாறும் சந்தையூராகவும், அரிசி ஆலைகளின் ஊராகவும், பின்னர் 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பத்தின் ஊராகவும் பெயர்பெற்றிருந்த இந்நகரம், 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்தினின்றும் பிரிந்த புதிய மாவட்டத்தின் தலைநகராயிற்று. அந்த அந்தஸ்து வந்த பின்னர் ஆட்சியர் அலுவலகமும் அதனைச் சார்ந்த பல துறை அலுவலகங்களும் வந்தன; 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இடமாறுதல் பெற்று வந்த எழுத்தர்களும், செவிலியர்களும், ஆசிரியைகளும், வங்கி ஊழியர்களும் துருகம் சாலையிலும் கச்சிராயபாளையம் சாலையிலும் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறினார்கள். அவர்களைப் பெற்றவர்களோ தஞ்சையிலும் தருமபுரியிலும் திருநெல்வேலியிலும் தத்தம் வீட்டையும் நிலத்தையும் விட்டு நகர முடியாமல் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள ஆயா இல்லாத வீடுகள் இவ்வாறு பெருகின.

உத்தியோகஸ்தர்கள் மட்டுமல்லர். உளுந்தூர்ப்பேட்டை சிப்காட் வளாகத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை அமைத்து, படிப்படியாக 20,000 பேருக்கு வேலை தருவதற்குத் தைவானைச் சேர்ந்த பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. காலணித் தொழிலில் பெரும்பாலும் வேலைக்கு எடுக்கப்படுபவர்கள் இளம்பெண்கள் என்பதை ஆம்பூரும் இராணிப்பேட்டையும் நமக்கு முன்பே காட்டியிருக்கின்றன. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது நமக்குப் பெருமை தரும் செய்தி, ஐயமில்லை. ஆனால் அந்தப் பெண்களின் பிள்ளைகள் சாயங்காலம் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லாத வரையில் அந்தப் பெருமை பூரணமாகாது.

இப்போது பெற்றோர் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் நான்கைந்து வகைப்படும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களிடம் விடுவது முதல் வகை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டு, தீபாவளிக்குப் புடவை எடுத்துக்கொடுப்பதும் அவசரத்துக்குக் கைம்மாற்றுத் தருவதுமாக அந்தக் கடனைத் தீர்ப்பது இரண்டாம் வகை. பத்து வயதான மூத்த பிள்ளையிடம் இளையதை ஒப்படைப்பது மூன்றாம் வகை. வீட்டுச் சாவியைப் புத்தகப் பையின் சிறிய பையறைக்குள் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள், யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்று சொல்லியனுப்புவது நான்காம் வகை. இவை எவற்றுக்கும் வழியில்லாதவர்கள் பிள்ளையை அனுப்புவது டியூஷனுக்கு.

அந்த டியூஷன் வீட்டைச் சற்று அருகிற் சென்று பார்க்க வேண்டும். மாடிப்படியின் கீழே இருபது முப்பது ஜோடிச் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மேலே ஓர் அறையில், ஒரே மின்விசிறியின் கீழ், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். சுவரோரத்தில் சிறுமி ஒருத்தி, மதியத்துச் சோற்றின் வாடை போகாத பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, விரல்களுக்கிடையே பென்சில் இருந்தபடியே உறங்கிப்போயிருப்பாள். காலை எட்டு மணிக்கு வேனில் ஏறிய அந்தக் குழந்தைக்கு அந்த வேளையில் வேண்டியது உறக்கமும், ஒரு வாய்ச் சுண்டலும், ஓடியாட ஒரு முற்றமும்தான். எழுப்பி உட்காரவைத்துப் பாடம் எழுதச் சொல்லும் டியூஷன் அக்காவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு ஏழு மணிக்கு அழைத்துப்போக வரும் பெற்றோர் அவரிடம் கேட்பது வீட்டுப்பாடம் முடிந்ததா என்ற ஒன்றைத்தான். கூலி கொடுப்பவர் கேட்பதை அவர் செய்துவைக்கிறார். பராமரிப்பு வேண்டிய இடத்தில் நாம் பாடத்தை விலைக்கு வாங்குகிறோம். பாடம் என்றால் பணம் கொடுக்கலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குப் பணமா என்னும் பழைய எண்ணமே இதற்குக் காரணம்.

அரசின் சட்டங்கள் இவ்விஷயத்தில் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலைகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. தோட்டங்களுக்கு அதே கடமையை 1951-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கச் சொன்னது. இம்மூன்றிலும் குழந்தை என்பது ஆறு வயதுக்குட்பட்டதே. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டபோதும், அதையொட்டி வந்த வழிகாட்டு நெறிகள் ஆறு வயதோடு நின்றன. மத்திய அரசின் பால்னா காப்பகங்கள் ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயதுக் குழந்தை வரையில்தான். மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு 1972-இல் அளித்த அறிக்கையின் பயனாகவும், 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பயனாகவும் நாடெங்கும் எழுந்த அங்கன்வாடிகளும் அந்த வயதுக்குரியவையே.

இச்சட்டங்களையும் திட்டங்களையும் போராடிப் பெற்றுத் தந்தவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆறு வயதுக்குப்பின் குழந்தை பள்ளிக்குப் போய்விடும், ஆகையால் காப்பகம் வேண்டியதில்லை என்பது அவர்களுடைய அனுமானமாக இருந்திருக்கலாம். ஆனால் பள்ளி நான்கு மணிக்கு முடிகிறது. வேலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் முடிகிறது. ஆறாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் வரை சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்த குழந்தை, மறுநாள் முதல் நான்கு மணிக்குப்பின் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 200 வேலைநாட்களும் 800 மணி நேரப் போதனையும் வேண்டும் என்கிறது. நடைமுறையில் இது கூடுதலாகவே இருக்கும். நாட்களை 210 என்றும், குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்தை 7 மணி என்றும் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1,470 மணிதான் ஆகிறது. வாரம் 48 மணி என்ற கணக்கில் ஐம்பது வாரம் வேலைக்குப் போகும் தாய் 2,400 மணி வேலை செய்கிறாள். மிச்சம் 930 மணி. பேருந்துப் பிரயாணத்தையும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் குழந்தைக்குப் பெற்றோரைத் தவிர யாரும் சட்டப்படி பொறுப்பில்லை. கோடை விடுமுறையும், காலாண்டு அரையாண்டு விடுமுறைகளும், மழைக்கு விடும் விடுமுறையும் இந்த ஆயிரத்துக்குள் அடங்கியவையே.

நகரத்தின் நிலை இதுவானால், கல்வராயன் மலையின் நிலை வேறு விதமானது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றிய சிற்றூர்களிலும் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில், கூலியின்றி உழைத்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த இம்மக்கள், 1976-இல்தான் அந்தத் தளையினின்றும் விடுபட்டார்கள். சமவெளிக்கு நூறாண்டுக்கு முன்பே கிடைத்த சாலையும் பள்ளியும் இவர்களுக்குப் பிந்தியே வந்தன. சாமையும் மரவள்ளியும் விளையும் மானாவாரி நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடாது. ஆகையால் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும், குடகுக் காப்பித் தோட்டத்துக்கும், பெங்களூர்க் கட்டட வேலைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டுப் போகிறார்கள். இங்கே வேலைக்குப் போகும் தாய் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவதில்லை. மூன்று மாதமோ நான்கு மாதமோ கழித்துத் திரும்புகிறாள்.

ஊரிலேயே இருந்து கிழங்கு பிடுங்கும் காலத்திலும் பிள்ளைகளின் பாடு எளிதல்ல. ஒன்பது வயதுச் சிறுமி பள்ளியிலிருந்து வருவாள். புத்தகப் பையை ஆணியில் மாட்டியதும், வாசலில் மண்ணளைந்து கொண்டிருக்கும் தம்பியைத் தூக்கி இடுப்பில் இருத்திக்கொள்வாள். மற்றக் கையால் குடத்தைச் சாய்த்து உலைநீர் ஊற்றுவாள். விறகை ஊதிப் பற்றவைக்கும்போது, தீயின் பக்கம் அவன் கை போகாதபடி உடம்பைத் திருப்பி நின்றுகொள்வாள். அந்தத் திருப்பத்தில் ஒரு தாயின் எச்சரிக்கை முழுவதும் இருக்கிறது. அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து வியந்து மெச்சுபவர்கள் உண்டு. அது மெச்சத்தக்க பிள்ளைதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பால்யம் உண்டு, அதை அது இடுப்பில் சுமந்து தீர்க்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அவை செய்திருக்கும் உபகாரம் பெரிது. அவை இல்லையேல் ஒரு தலைமுறையே எழுத்தறிவின்றிப் போயிருக்கும். ஆயினும், சாயங்காலத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற ஒரே காரணத்தால் ஆறு வயதுக் குழந்தையை விடுதியில் சேர்க்கும் நிலை வந்தால், மூன்று மணி நேரத்துக் குறையை நிரப்புவதற்காக இருபத்துநான்கு மணி நேரமும் அதனை வீட்டைவிட்டுப் பிரிக்கிறோம் என்றே பொருள். படிப்புக்காக விடுதி வேண்டும் என்பது வேறு. பாதுகாப்புக்கு வேறு வழியில்லாமல் விடுதி என்பது வேறு.

இம்மாவட்டத்துக்கு இன்னுமொரு துயரமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாய் வழங்குவதாகவும், படிப்புச் செலவை ஏற்பதாகவும் அரசு அறிவித்தது. அது செய்ய வேண்டிய கர்த்தவ்யம், செய்தார்கள். ஆனால் கணவனைப் பறிகொடுத்து, மறுமாதமே கூலிவேலைக்குப் போக வேண்டிய ஒரு தாய்க்குப் பணத்தோடு வேறொன்றும் வேண்டியிருக்கிறது. தான் திரும்பி வரும்வரை, அந்தத் தெருவின் பேச்சுக்கும் பார்வைக்கும் நடுவே தன் பிள்ளை தனித்து நிற்காமல் பத்திரமாக இருக்க ஓர் இடம் அவளுக்கு வேண்டும். அதனை எந்த வங்கிக் கணக்கிலும் செலுத்திவிட முடியாது.

பொது ஏற்பாடு வரும்வரை பெற்றோர் சும்மா இருக்க முடியாது. இருப்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வை எவ்வாறு செய்வது என்பது பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் சுவரில் எழுதிய சித்திரங்களையும் பார்ப்பதற்கு முன்னால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் மனுஷியைப் பாருங்கள். உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் பிள்ளைகள் பக்கம் போய்ப் போய் வருகிறதா? அழும் குழந்தையை அதட்டுகிறாரா, அருகில் அழைக்கிறாரா? ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? இவற்றைத் தெரிந்துகொள்ள அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியைச் சேர்க்கும் நாளில் செலவிட்டதோடு நின்றுவிடாமல், ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போய் மறுபடியும் செலவிட வேண்டும். பெற்றோர் முன்னறிவிப்பின்றி வருவதை விரும்பாத இடம் எதுவானாலும் அது விலக்கத்தக்கது.

அடுத்தபடி எண்ணிக்கை. ஒருவர் பத்துப் பதினைந்து சிறு பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொள்ள முடியாது என்பதை, இரண்டு பிள்ளைகளை வளர்த்த எந்தத் தாயும் சொல்வாள். அதன்பின் இடத்தைச் சுற்றி வர வேண்டும். நம் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் எத்தனை இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் அப்படியொன்று இருந்தால், பார்த்துக்கொள்பவர் எத்துணை அன்புள்ளவராயினும் அங்கே விடலாகாது. மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் உயரம், தரைமட்டத் தொட்டியின் மூடி, கழிப்பறைத் தாழ்ப்பாள் குழந்தையின் கைக்குத் திறக்கிறதா என்பது, தெருப்பக்கத்துக் கதவு ஆகிய இவையெல்லாம் பார்த்தாக வேண்டியவை. பள்ளியிலிருந்து அங்கே குழந்தையைக் கொண்டுவந்து விடுபவர் யார், நீங்கள் வராத நாளில் யாரிடம் ஒப்படைக்கலாம் என்பவற்றைப் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் எழுதிக் கொடுக்க வேண்டும். மாமா வந்திருக்கிறேன் என்று சொல்லி யாரும் அழைத்துப்போகக் கூடியதாக எந்த இடமும் இருக்கலாகாது.

குழந்தை அங்கே என்ன செய்கிறது என்று கேளுங்கள். மூன்று மணி நேரமும் தொலைக்காட்சிக்கும் செல்போனுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தால் அது பராமரிப்பாகாது. மூன்று மணி நேரமும் எழுதிக்கொண்டே இருந்தாலும் ஆகாது. முதலில் ஏதேனும் தின்ன வேண்டும், பிறகு விளையாட வேண்டும், வேண்டுமானால் உறங்க வேண்டும், கடைசியாக அரைமணி நேரம் பாடம் பார்க்கலாம். ஏழு வயதுக்கு அந்த வரிசையே இயற்கையானது. இரவில் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, அங்கே உனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று குழந்தையிடமே கேளுங்கள். போக மாட்டேன் என்று திடீரென்று அடம்பிடித்தாலோ, யாரேனும் ஒருவர் பெயரைக் கேட்டதும் வாயடைத்துப் போனாலோ, சோம்பேறித்தனம் என்று அடித்து அனுப்பிவிடாதீர்கள். குழந்தை சொல்ல வார்த்தையில்லாமல் உடம்பால் சொல்லும் செய்தியை முதலில் நம்புபவர்கள் பெற்றோராக இருக்க வேண்டும். தவறு நேர்ந்திருக்கும் என்ற சந்தேகம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இத்தனையையும் பார்ப்பது தாயின் வேலை என்று தந்தை விலகி நிற்பது தகாது. குழந்தையை அழைத்துவரும் முறை வாரத்தில் சில நாட்களேனும் தந்தைக்கு வரவேண்டும்.

ஆனால் தேர்வு என்பது தேர்ந்தெடுக்கத் தக்கவை பல இருக்கும்போதுதான் பொருளுள்ளதாகிறது. கருணாபுரத்துத் தாய்க்கும் சேராப்பட்டுத் தாய்க்கும் இத்தனை அறிவுரைகளும் எந்தப் பிரயோஜனமும் தரப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது, இருப்பதற்குள் நல்லதைக் கண்டுபிடிக்கும் வித்தையன்று, நல்லதொன்று இருப்பதே.

அப்படியொன்றை உண்டாக்குவது அசாத்தியமா? உலகத்தில் பலர் செய்திருக்கிறார்கள். ஜப்பானில், பெற்றோர் வேலைக்குப் போகும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பிந்திய கூடங்கள், 1997-இல் திருத்தப்பட்ட குழந்தை நலச் சட்டத்தின்கீழ் மறு ஆண்டு முதல் சட்ட அந்தஸ்து பெற்றன. பல ஊர்களில் பள்ளியின் காலி வகுப்பறைகளிலேயே அவை நடக்கின்றன. சுவீடனில் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளியை ஒட்டியே ஓய்வுநேரக் கூடங்கள் இருக்கின்றன. ஜெர்மனி 2026 ஆகஸ்டு முதல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்முழுவதுமான பராமரிப்பை உரிமையாகவே ஆக்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக நான்காம் வகுப்பு வரை விரிக்கச் சட்டம் செய்திருக்கிறது. பள்ளி முடியும் நேரமும் வேலை முடியும் நேரமும் வேறு என்ற எளிய உண்மையை இந்நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

அவையெல்லாம் செல்வ நாடுகள் என்று சொல்வோருக்கு நம் நாட்டு அனுபவத்தையே காட்டலாம். பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலேயே மதிய உணவு என்று காமராஜர் 1956-இல் தொடங்கியபோது தமிழ்நாடு செல்வ நாடாக இருக்கவில்லை. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோதும், இத்தனை செலவை மாநிலம் தாங்குமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்கென்று தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு ஆகஸ்டு 25-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலையையும் மதியத்தையும் பள்ளி ஏற்றுக்கொண்டாயிற்று. எஞ்சி நிற்பது சாயங்காலம் ஒன்றுதான்.

அந்தச் சாயங்காலத்தையும் நாம் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கிறோம். பெருந்தொற்றின்போது அடைபட்ட பள்ளிகளால் விளைந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 2021 அக்டோபர் 27 அன்று கள்ளக்குறிச்சியின் தாய்மாவட்டமான விழுப்புரத்தின் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், ஊரைச் சேர்ந்த தன்னார்வலர், பெரும்பாலும் பெண், ஏறத்தாழ இருபது பிள்ளைகளைத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் கூட்டிவைத்துப் பாட்டும் கதையும் பாடமும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அத்திட்டத்தின் நோக்கம் கல்விதான். ஆனால் வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் திரும்பிய தாய்மார் அதில் கண்ட பெரும் ஆறுதல், பிள்ளை இருக்குமிடம் தெரிந்தது என்பது. கற்றல் இழப்பு நீங்கியதென்று அதன் வீச்சு பின்னாளில் சுருங்கிவிட்டது. கற்றல் இழப்பு தற்காலிகமானது. தாயின் வேலைநேரம் தற்காலிகமானதன்று.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒவ்வோர் அரசுத் தொடக்கப்பள்ளியும் பெற்றோர் வேண்டுகிற இடங்களில் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கட்டும். சுற்றுச்சுவரும், குடிநீரும், கழிப்பறையும், சத்துணவுக் கூடத்தின் அடுப்பும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. நான்கு மணிக்குப்பின் அவை பூட்டிக் கிடக்கின்றன. அந்த ஊரின் சுய உதவிக் குழுப் பெண்களுள் இருவருக்குப் பயிற்சி கொடுத்து, காவல்துறைச் சரிபார்ப்பு முடித்து, ஊக்கத்தொகை என்ற பெயரில் சொற்பத் தொகையாக இன்றி, மாதச் சம்பளமாகவே கொடுத்து அமர்த்தலாம். சுண்டலோ கேழ்வரகுக் கஞ்சியோ கொடுத்து, விளையாடவிட்டு, கதை சொல்லி, கடைசியில் சற்றுப் பாடம் பார்த்து, கையொப்பம் பெற்றுக்கொண்டு பெற்றோரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். விடுமுறை நாட்களிலும் இது நடக்க வேண்டும். உளுந்தூர்ப்பேட்டை போன்று பெரிய ஆலைகள் எழும் இடங்களில் அந்த நிறுவனங்களும் செலவில் பங்கேற்பது நியாயம். தொழிலாளியின் நிம்மதியால் முதலில் பயன்பெறுவது ஆலைதான்.

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். ஆசிரியர்களின் தலையில் மேலும் ஒரு சுமையா என்று கேட்பார்கள். ஆசிரியர் நான்கு மணிக்கு வீட்டுக்குப் போகட்டும். இது அவருடைய வேலையன்று. ஏழு மணி நேரம் பள்ளியில் இருந்த குழந்தையை மேலும் மூன்று மணி நேரம் அங்கேயே வைப்பது கொடுமையல்லவா என்று கேட்பார்கள். அந்த மூன்று மணியும் வகுப்பாக இருந்தால் கொடுமைதான். விளையாட்டாக இருந்தால் அன்று. இப்போது மட்டும் அந்தக் குழந்தை பூட்டிய வீட்டிலோ டியூஷன் அறையிலோதானே இருக்கிறது? தாய் வீட்டில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. கரும்புக்கட்டு சுமந்தும் களை பறித்தும் நாற்று நட்டும் நம் மாவட்டத்துத் தாய்மார் என்றைக்கு வீட்டில் இருந்தார்கள் என்று அவர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஏழைத் தாய் எக்காலத்திலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். படித்த வீட்டுப் பெண்ணும் அவளோடு சேர்ந்துகொண்ட பிறகுதான் இது நம் கண்ணில் பட்டிருக்கிறது.

மலைக்கு ஏற்பாடு சற்று வேறாக வேண்டும். சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில், பள்ளி முடிந்து இருட்டுவதற்குள் பிள்ளைகள் காட்டுவழியே வீடு சேர வேண்டுமாதலால், கூடம் பள்ளியில் அமைவதைவிட அந்தந்த ஊரில் அமைவதே நன்று. அங்கன்வாடிக் கட்டடம் பல ஊர்களில் இருக்கிறது. சாயங்காலத்தில் அதனையே திறந்துவைக்கலாம். மலையாளி இனத்துப் பெண்ணே பொறுப்பேற்றால், பிள்ளைகளின் பேச்சும் பாட்டும் அவளுக்குத் தெரியும். அந்த வேலையே அவளை வெளியூர்த் தோட்டத்துக்குப் போகாமல் ஊரில் நிறுத்தும். பருவகாலத்தில் பெற்றோர் வெளியூர் போகும் வீடுகளுக்கு, அந்தச் சில மாதங்களுக்கு மட்டும், ஆயாவின் கையில் பிள்ளையை விட்டு, பகலும் சாயங்காலமும் ஆயாவுக்குத் துணையாகக் கூடம் நின்றால், ஆறு வயதில் விடுதிக்குப் போக வேண்டிய நிர்ப்பந்தம் பலருக்கு நீங்கும்.

அரசாணை வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களுள் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நான்கு மணிக்குப்பின் தம் பிள்ளை எங்கே இருக்கிறது என்ற கவலை யாருக்கு உண்டோ அவர்களே அக்குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் வேண்டுவது, சாயங்காலத்தில் ஆளில்லாத வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் நம் பள்ளியில் எத்தனை பேர் என்று வகுப்பு வகுப்பாகக் கணக்கெடுத்து எழுதிவைக்கும் ஒரு தீர்மானமாக இருக்கட்டும். அந்தக் கணக்கோடு கிராம சபைக்குப் போகட்டும். கிராம சபையின் தீர்மானத்தோடு ஆட்சியரிடம் போகட்டும். கள்ளக்குறிச்சியின் ஒன்றியங்கள் அனைத்திலிருந்தும், கல்வராயன் மலையின் ஊர்களிலிருந்தும் அப்படியொரு கணக்கு திரண்டு வருமானால், பள்ளியின் கதவை ஏழு மணி வரை திறந்துவைக்க இயலாது என்று சொல்ல எந்த அரசுக்கும் மனம் துணியாது. கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது. கேட்பதற்குரிய இடமும் நம்மிடம் இருக்கிறது.